அத்தியாயம் 6: முன்கையைத் தொட்டுப் படிப்போம்

முன்கைத் தசைகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதி, அடுத்த வாரமே மறந்தவர்கள் ஏராளம். இருபது பெயர்கள், அத்தனையும் லத்தீன். படத்தில் எல்லாம் ஒரே சிவப்பாக, ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். ஆனால் அந்த இருபதும் உங்கள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, சட்டைக் கையை மடித்தால் தெரியும் தூரத்தில் இருக்கின்றன. இந்த அத்தியாயத்தில் இடது கைதான் புத்தகம், வலது கை படிக்கும் கண். பிசியோதெரபி, செவிலியர் பட்டயம் என்று படிக்கும் மாணவர்களுக்கும், கை மரத்துப்போகிறதே என்ன காரணம் என்று யோசிப்பவர்களுக்கும் ஒரே பாடம் போதும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

தேவையானவை

- ஒரு மேசை, ஒரு நாற்காலி
- எளிதில் அழியும் ஸ்கெட்ச் பேனா
- ஒரு துண்டுக் காகிதம், சிறிது பஞ்சு
- வெளிச்சம் உள்ள இடம், 40 நிமிடம்

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

முன்கையில் 20 தசைகள். உள்ளங்கைப் பக்கம் 8, புறங்கைப் பக்கம் 12. முன்பக்கத்து எட்டும் மடக்கவும் கவிழ்க்கவும் செய்கின்றன. பின்பக்கத்துப் பன்னிரண்டில் பெரும்பாலானவை நிமிர்த்துகின்றன.

இவற்றை இயக்கும் நரம்புகள் மூன்றுதான்:

- பின்பக்கத்து 12 தசைக்கும் ரேடியல் நரம்பு அல்லது அதன் கிளை. இதில் விதிவிலக்கே கிடையாது.
- முன்பக்கத்துக்கு மீடியன் நரம்பு, ஒன்றரைத் தசை நீங்கலாக.
- அந்த ஒன்றரைத் தசைக்கு அல்னார் நரம்பு.

அந்த ஒன்றரை எது என்பது பகுதி 1-இல் உங்கள் விரல் நுனியிலேயே தெரியும்.

குறிப்பு: பெயரே முகவரி. ‘ஃப்ளெக்ஸர்’ என்றால் மடக்குவது, ‘எக்ஸ்டென்சர்’ என்றால் நிமிர்த்துவது. ‘கார்பி’ மணிக்கட்டு, ‘டிஜிடோரம்’ விரல்கள், ‘பொல்லிசிஸ்’ கட்டைவிரல். ‘ரேடியாலிஸ்’ கட்டைவிரல் பக்கம், ‘அல்னாரிஸ்’ சுண்டுவிரல் பக்கம். இந்த ஏழு சொல் தெரிந்தால் பாதிப் பெயர்களுக்குத் தானாகப் பொருள் விளங்கிவிடும்.

## பகுதி 1: உள்ளங்கைப் பக்கம்

இடது முன்கையை மேசைமேல் மல்லாத்தி வையுங்கள். முழங்கையின் உள்பக்கம், உடலை ஒட்டினாற்போல் ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அங்கே ஒரு புள்ளி வையுங்கள். மேலடுக்கு மடக்கு தசைகள் கிளம்பும் இடம் அதுதான்.

படி 1. நான்கு விரல் வரைபடம். வலது உள்ளங்கையின் அடிப்பகுதியை அந்தக் குமிழின் மேல் வைத்து, நான்கு விரல்களையும் மணிக்கட்டை நோக்கி விரித்துப் படுக்க வையுங்கள். ஆள்காட்டி விரல் கிடப்பது புரொனேட்டர் டெரஸ் தசையின்மேல். நடுவிரல் ஃப்ளெக்ஸர் கார்பி ரேடியாலிஸ், மோதிர விரல் பால்மாரிஸ் லாங்கஸ், சுண்டுவிரல் ஃப்ளெக்ஸர் கார்பி அல்னாரிஸ். விரல்கள் கிடக்கும் திசையிலேயே நான்கு கோடு போடுங்கள். மேலடுக்கு முடிந்தது.

படி 2. புரொனேட்டர் டெரஸ். முழங்கையை மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வையுங்கள். யாரையாவது உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உள்ளங்கையைக் கவிழ்க்க முயலுங்கள். முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே சாய்வாக ஒரு தசை இறுகும். மீடியன் நரம்பு பெரும்பாலோருக்கு இந்தத் தசையின் இரண்டு தலைகளுக்கு நடுவே புகுந்துதான் முன்கைக்குள் இறங்குகிறது.

படி 3. ஃப்ளெக்ஸர் கார்பி ரேடியாலிஸ். கை முஷ்டியாகட்டும். வலது கையால் அதைத் தடுத்துக்கொண்டு மணிக்கட்டை மடக்குங்கள். கட்டைவிரல் பக்கமாகக் கயிறு போல் எழும் தசைநாண் இதனுடையது. அதற்கு வெளியே, கட்டைவிரலை ஒட்டி, நாடி துடிக்கும். நாடி பார்க்க ஆள்காட்டி, நடு விரல்களை வையுங்கள்.

படி 4. பால்மாரிஸ் லாங்கஸ். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். மணிக்கட்டின் நட்டநடுவில் மெல்லிய நாண் ஒன்று தோலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நிற்கவில்லையா? பதற வேண்டாம். பலருக்கு இந்தத் தசை பிறவியிலேயே இருக்காது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். இல்லாததால் கைக்கு நட்டம் ஒன்றுமில்லை. இருப்பவர்களிடமிருந்து இந்த நாணை எடுத்து வேறு இடத்தில் ஒட்டுப்போட அறுவை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

எச்சரிக்கை: இந்த நாணுக்கு அடியில், சற்றே கட்டைவிரல் பக்கமாக, மீடியன் நரம்பு ஓடுகிறது. அங்கே விரல் நகத்தால் அழுத்திப் பார்க்காதீர்கள்.

படி 5. ஃப்ளெக்ஸர் கார்பி அல்னாரிஸ். சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு மடிப்பில் பட்டாணி அளவு எலும்பு ஒன்று உருளும். அதன்மேல் வலது விரலை வைத்துக்கொண்டு, இடது சுண்டுவிரலை மற்ற விரல்களிலிருந்து விலக்குங்கள். எலும்புக்கு மேலே, முழங்கைத் திசையில், ஒரு நாண் விறைப்பதை உணர்வீர்கள். சுண்டுவிரலை விலக்கும் சிறுதசை அந்த எலும்பைப் பிடித்துத்தான் இழுக்கிறது. எலும்பு நகராமலிருக்க இந்தத் தசை மறுபக்கம் இழுத்துப் பிடிக்கிறது. ஒன்றரையில் அந்த ‘ஒன்று’ இதுவே. அல்னார் நரம்பின் தசை.

படி 6. நடு அடுக்கு. புறங்கை மேசையில் படும்படி வையுங்கள். ஆள்காட்டி, மோதிர, சுண்டு விரல்களை வலது கையால் நேராக அழுத்திப் பிடித்து, நடுவிரலை மட்டும் மடக்குங்கள். நடு மூட்டு மடங்கும். இப்போது அந்த விரலின் நுனியைத் தட்டிப் பாருங்கள், துவண்ட கொடி போல் ஆடும். மடக்கியது ஃப்ளெக்ஸர் டிஜிடோரம் சூப்பர்ஃபிஷியாலிஸ். நுனியை மடக்கும் ஆழத் தசைக்கு எல்லா விரலுக்கும் ஏறக்குறைய ஒரே வயிறு. மூன்று விரலை நீட்டிப் பிடித்ததும் அதன் இழுப்பு நின்றுவிட்டது. சுண்டுவிரலில் இந்தச் சோதனை சிலருக்குச் சரிவராது, அது நோயல்ல.

படி 7. ஆழ அடுக்கு. ஆள்காட்டி விரலின் நடுக்கணுவை அசையாமல் பிடித்து நுனியை மட்டும் மடக்குங்கள். இது ஃப்ளெக்ஸர் டிஜிடோரம் புரொஃபண்டஸ். நான்கு விரலிலும் செய்து பாருங்கள். ஆள்காட்டி, நடு விரல்களின் பாதிக்கு மீடியன் நரம்பின் கிளையும், மோதிர, சுண்டு விரல்களின் பாதிக்கு அல்னாரும் ஆணையிடுகின்றன. ஒன்றரையில் ‘அரை’ இது. கட்டைவிரலின் அடிக்கணுவைப் பிடித்து நுனியை மடக்கினால் ஃப்ளெக்ஸர் பொல்லிசிஸ் லாங்கஸ்.

படி 8. தொட முடியாத ஒன்று. எட்டாவது தசை புரொனேட்டர் குவாட்ரேட்டஸ். மணிக்கட்டுக்கு மேலே, நாண்கள் எல்லாவற்றுக்கும் அடியில், இரண்டு எலும்புகளையும் குறுக்கே கட்டிய பட்டை போல் கிடக்கிறது. விரலுக்கு அகப்படாது. முழங்கையை முழுதாக மடக்கிவைத்துக் கையைக் கவிழ்த்தால் பெரும்பங்கு வேலை இதனுடையது.

## பகுதி 2: புறங்கைப் பக்கம்

முன்கையைக் கவிழ்த்து வையுங்கள். முழங்கையின் வெளிப்பக்கக் குமிழில் ஒரு புள்ளி. நிமிர்த்தும் தசைகளில் பல இங்கிருந்து கிளம்புகின்றன.

படி 9. பிரேக்கியோரேடியாலிஸ். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்க, முஷ்டியை மேசைக்கு அடியில் கொடுத்து மேசையைத் தூக்குவது போல் உந்துங்கள். முன்கையின் வெளி விளிம்பில் புடைத்து நிற்பது இது. வீட்டில் ஒரு முரண்டுக்காரர் இருப்பார் அல்லவா, அப்படி ஒரு தசை. நிமிர்த்தும் கூட்டத்தில் சேர்ந்து ரேடியல் நரம்பைப் பெற்றுக்கொண்டு, முழங்கையை மடக்குகிறது.

படி 10. மணிக்கட்டை நிமிர்த்தும் மூவர். முஷ்டி பிடித்து மணிக்கட்டைப் பின்னுக்குத் தூக்குங்கள். கட்டைவிரல் பக்கம் சாய்த்தால் எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸ், பிரெவிஸ் இரண்டும் இறுகும். சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் எக்ஸ்டென்சர் கார்பி அல்னாரிஸ்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மணிக்கட்டை முழுதாக உள்பக்கம் மடக்கிவைத்துக்கொண்டு, ஒரு பேனாவை இறுகப் பிடித்துப் பாருங்கள். பிடி நிற்காது, வலது கையால் பேனாவைச் சுலபமாக உருவிவிடலாம். இப்போது மணிக்கட்டைச் சற்றே நிமிர்த்திப் பிடியுங்கள். உருவ முடிகிறதா? பிடிக்கும் வேலை முன்பக்கத் தசைகளுடையது, ஆனால் பின்பக்கத் தசைகள் மணிக்கட்டை நிறுத்திக் கொடுத்தால்தான் அந்தப் பிடிக்கு வலு. ஈரப் போர்வையைப் பிழிந்த அன்று முழங்கையின் வெளிப்பக்கம் வலிப்பதன் காரணமும் இதுவே. ‘டென்னிஸ் எல்போ’ என்று எழுதித் தருகிறார்களே, அதில் பெரும்பாலும் நொந்துபோயிருப்பது பிரெவிஸ் தசையின் தொடக்க நாண். டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் வரும்.

படி 11. விரல்களை நிமிர்த்துபவை. விரல்களை ஆர்மோனியம் வாசிப்பது போல் ஆட்டுங்கள். புறங்கையில் ஓடும் நாண்கள் எக்ஸ்டென்சர் டிஜிடோரம் தசையுடையவை. பிறகு உள்ளங்கையை மேசையில் பதித்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடித்து வைத்து, மோதிர விரலைத் தூக்கப் பாருங்கள். எழாது. நாண்களுக்குள் குறுக்கு இணைப்புகள் உண்டு, நடுவிரல் மோதிர விரலைக் கட்டிவைத்திருக்கிறது. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் எழும், அவற்றுக்குத் தனித்தனியே ஒரு தசை இருக்கிறது: எக்ஸ்டென்சர் இண்டிசிஸ், எக்ஸ்டென்சர் டிஜிட்டி மினிமி.

படி 12. மூக்குப்பொடிக் குழி. கட்டைவிரலை விறைப்பாகப் பின்னுக்கு இழுங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு நாண் வரம்புகளுக்கு நடுவே ஒரு பள்ளம் விழும். முன் வரம்பு அப்டக்டர் பொல்லிசிஸ் லாங்கஸ், எக்ஸ்டென்சர் பொல்லிசிஸ் பிரெவிஸ் இரண்டும் சேர்ந்தது. பின் வரம்பு எக்ஸ்டென்சர் பொல்லிசிஸ் லாங்கஸ். பள்ளத்தின் தரையில் ஸ்கேபாய்ட் எலும்பு இருக்கிறது.

எச்சரிக்கை: கையூன்றி விழுந்தபின் இந்தப் பள்ளத்தை அழுத்தும்போது வலித்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுங்கள். ஸ்கேபாய்ட் முறிவு முதல் படத்தில் தெரியாமலும் போகலாம். வலி தொடர்ந்தால் மறுபடியும் காட்டுங்கள்.

படி 13. மீதி இருவர். முழங்கை முனைக்கும் வெளிக் குமிழுக்கும் நடுவே முக்கோணமாக அன்கோனியஸ் இருக்கிறது. முழங்கையை நீட்டும்போது மெல்ல இறுகும். சூப்பினேட்டர் ஆழத்தில் உள்ளது, விரலுக்குத் தெரியாது. முழங்கையை நீட்டிவைத்து உள்ளங்கையை மல்லாத்தினால் அது வேலை செய்கிறது. ரேடியல் நரம்பின் ஆழக் கிளை இதைத் துளைத்துக்கொண்டுதான் பின்பக்கம் போகிறது.

எண்ணிப் பாருங்கள், இருபது வரும்.

## பகுதி 3: மூன்று நரம்புகளுக்கும் ஐந்து நிமிடச் சோதனை

எப்போதும் இரண்டு கையையும் ஒப்பிடுங்கள். ஒரு கையை மட்டும் பார்த்தால் எது இயல்பு என்றே தெரியாது.

1. கல், காகிதம், கத்தரி, ஓகே. பிள்ளைகளின் விளையாட்டேதான். இறுக முஷ்டி பிடித்தல் பெரும்பாலும் மீடியன். மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்திக் காகிதம் காட்டுதல் ரேடியல். விரல்களைக் கத்தரி போல் விரித்தல் அல்னார். கட்டைவிரல், ஆள்காட்டி நுனிகளைச் சேர்த்து வட்டமாக ‘ஓகே’ காட்டுதல் மீடியனின் ஆழக் கிளை. நுனிக்கணுக்கள் மடங்காமல் வட்டம் சப்பையாகப் போனால் கோளாறு அந்தக் கிளையில்.

2. காகித இழுப்பு. இரண்டு கைகளின் கட்டைவிரலையும் நேராக வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடித்து எதிரெதிரே இழுங்கள். அல்னார் பலவீனமான கையில் கட்டைவிரல் நுனி மடங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் அழுத்த வேண்டிய உள்ளங்கைத் தசை ஓய்ந்துவிட்டது, அதன் வேலையை மீடியனின் ஃப்ளெக்ஸர் பொல்லிசிஸ் லாங்கஸ் கடனுக்குச் செய்கிறது.

3. பஞ்சுச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு வேறொருவரைத் தொடச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல் நுனி மீடியன், சுண்டுவிரல் நுனி அல்னார், புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் இடைப்பட்ட தோல் ரேடியல்.

4. ஒரு நிமிடச் சோதனை. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டுகளை மடக்கி 60 விநாடி வையுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் ஊசி குத்தினாற்போல் இருந்தால் மணிக்கட்டில் மீடியன் நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். அங்கே ஒரு குறுகிய வழியில் ஒன்பது நாண்களோடு அந்த நரம்பும் போக வேண்டியிருக்கிறது. உணர்வு வந்ததும் கையை எடுத்துவிடுங்கள், 60 எண்ணி முடிக்க வேண்டியதில்லை.

பலரும் செய்யும் தவறுகள்

- *தசையைத் தளர்த்திவைத்துத் தேடுவது.* வேலை கொடுங்கள், அதுவே தன்னைக் காட்டிக்கொள்ளும்.
- *மணிக்கட்டு தொங்கினால் முன்கையை மட்டும் பார்ப்பது.* நாற்காலிச் சாய்மானத்தில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கியவர்களுக்கு ரேடியல் நரம்பு மேற்கையில், எலும்போடு ஒட்டிப் போகும் இடத்தில் நசுங்கியிருக்கும்.
- *மரத்துப்போகவில்லை, ஆகவே நரம்புக் கோளாறு இல்லை என்று முடிவு கட்டுவது.* ரேடியலின் ஆழக் கிளை தோலுக்கு உணர்வு தருவதில்லை. அது கெட்டால் விரல்கள் நிமிராது, ஆனால் மரப்பு இருக்காது.
- *கழுத்தை மறப்பது.* மூன்று நரம்புகளுக்கும் வேர் கழுத்திலிருந்தும் அதன் கீழிருந்தும் வருகிறது. கழுத்தைத் திருப்பும்போது கையில் மின்னல் இறங்கினால் முன்கையைக் குறை சொல்லாதீர்கள்.

பாதுகாப்பு

முழங்கை இடித்தால் ஷாக் அடிப்பது ஏன்? உள்பக்கக் குமிழுக்குப் பின்னால் அல்னார் நரம்பு தோலுக்கு அடியிலேயே, எலும்பின்மேல் கிடக்கிறது. பேருந்தின் சன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போவதும், முழங்கையை இறுக மடக்கிக் கைப்பேசியில் மணிக்கணக்காகப் பேசுவதும் அதைத்தான் நோகடிக்கின்றன. ஊன்றும் இடத்தில் துண்டை மடித்து வையுங்கள், காதை மாற்றுங்கள்.

அந்த நரம்பு கயிறு போல் தடித்திருந்து, தோலில் உணர்வற்ற வெளிர் படையும் இருந்தால் தொழுநோய்ச் சோதனை அவசியம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை இலவசம். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல் சுருண்டவர்களின் முன்கையைத் தொட்டுப் பார்த்தபோது அங்கே பல தசைகள் வலுவாக இருப்பதைக் கண்டார். அந்த நாண்களை இடம் மாற்றித் தைத்து, சுருண்ட விரல்களை மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். எந்தத் தசை உயிரோடு இருக்கிறது என்று தேடத் தெரிந்ததுதான் அந்தச் சிகிச்சைக்கு முதல் படி.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள்:

1. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டபின் வலி கூடிக்கொண்டே போவது, விரலைப் பிறர் நிமிர்த்தினால் தாங்க முடியாமல் வலிப்பது. கட்டு எங்கே போட்டதாக இருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள்.
2. ஒரு கை திடீரென்று தளர்வதோடு வாய் கோணுவது, பேச்சு குழறுவது. 108-ஐ அழையுங்கள்.
3. கண்ணாடி, அரிவாள் வெட்டுக்குப் பின் ஒரு விரல் மடங்காமலோ நிமிராமலோ போவது. காயம் சிறிதாக இருந்தாலும் நாண் அறுந்திருக்கலாம்.

நாள்பட்ட மரப்பு, கட்டைவிரல் அடிச்சதை வற்றுவது, பாத்திரம் கைநழுவி விழுவது ஆகியவற்றுக்கும் மருத்துவரைப் பாருங்கள். இங்கே சொன்ன சோதனைகள் கேள்வி கேட்கச் சொல்லித் தருபவை. நோயை உறுதி செய்வது மருத்துவரின் வேலை.

கோடுகளை இப்போதே கழுவிவிடாதீர்கள். இன்று மாலை வீட்டில் ஒருவரின் கையை வாங்கி, இதே வரிசையில் இருபதையும் தேடிப் பாருங்கள். அவருக்குப் பால்மாரிஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.